நுரை தின்னும் பாக்டீரியாவை ஏரிக்கென்றே வடிவமைக்க முடியுமா?

உயிரிகளின் மரபணுக்களை நமக்கு வேண்டியபடி வடிவமைக்கும் செயற்கை உயிரியல் துறை குறித்துச் சென்ற இதழில் வெளியான கட்டுரையைத் தொடர்ந்து, பெங்களூரிலிருந்தும் ஓசூரிலிருந்தும் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை பெல்லந்தூர் ஏரியைப் பற்றியே கேட்டிருந்தன. எனவே இம்முறை இப்பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: ஒரு பாக்டீரியாவின் மரபணுத் தொகுதி முழுவதையும் கணினியில் எழுதி ஆய்வகத்தில் உருவாக்கிவிட்டார்கள் என்று படித்தேன். அப்படியானால், மழைக்காலத்தில் எங்கள் ஏரியிலிருந்து பொங்கிச் சாலைவரை பறந்துவரும் நுரையைத் தின்று தீர்க்கும் ஒரு பாக்டீரியாவை இந்த ஏரிக்கென்றே வடிவமைக்க முடியாதா?
- ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை, பெல்லந்தூர்

பதில்: இதற்கு விடை காண முதலில் ஏரியைப் படிக்க வேண்டும், பாக்டீரியா எப்படி இருக்க வேண்டும் என்பது அதற்குப் பிறகுதான் புலப்படும். பெல்லந்தூரின் நுரைக்கு முதற்காரணம் துணி துவைக்கவும் பாத்திரம் துலக்கவும் நாம் பயன்படுத்தும் சலவைப் பொருள்கள். அவற்றில் பெரும்பங்கு வகிப்பது எல்.ஏ.எஸ். என்று சுருக்கமாக அழைக்கப்படும் லீனியர் அல்கைல்பென்சீன் சல்ஃபோனேட். நேராக நீண்ட ஒரு கார்பன் சங்கிலி, அதில் தொங்கும் ஒரு பென்சீன் வளையம், வளையத்தில் ஒட்டிய ஒரு சல்ஃபோனேட் தொகுதி என்பதே அதன் அமைப்பு. கழிவுநீரோடு ஏரிக்கு வரும் இப்பொருளில் ஒரு பகுதி சேற்றில் ஒட்டி அடியில் தங்கிவிடுகிறது என்றும், பெருமழையில் வெள்ளம் அந்தச் சேற்றைக் கிளறும்போது அது மீண்டும் நீரில் கலந்து நுரைக்கிறது என்றும் இங்குள்ள இந்திய அறிவியல் கழகத்தின் ஆய்வாளர்கள் கண்டறிந்திருக்கிறார்கள். சேற்றோடு மேலெழும் சிலவகை பாக்டீரியாக்கள் நுரை கலையாமல் நிற்க உதவக்கூடும் என்பதும் அவர்கள் சொல்லும் செய்தி. ஆக, நுரையை ஒழிக்க நாம் அனுப்ப நினைக்கும் பாக்டீரியா, நுரைக்குத் துணைநிற்கும் உறவினர்களுக்கு நடுவில்தான் போய் இறங்க வேண்டியிருக்கும்.

அடுத்து, எல்.ஏ.எஸ்.ஸை உண்ணும் பாக்டீரியாக்கள் இயற்கையிலேயே இருக்கின்றன. ஜெர்மனியின் ஒரு கழிவுநீர் நிலையத்துச் சேற்றிலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட பார்விபாகுலம் லாவமென்டிவோரன்ஸ் என்ற பாக்டீரியா அதன் கார்பன் சங்கிலியை நுனியிலிருந்து கடித்துக் குறைக்கிறது. ஆனால் வளையத்தை அதனால் உடைக்க முடிவதில்லை. அது மிச்சம் வைப்பதை டெல்ஃப்டியா, கோமமோனாஸ் போன்ற வேறு இனங்கள் எடுத்துக்கொண்டு, சல்ஃபோனேட்டைக் கழற்றி வளையத்தைப் பிளக்கின்றன. ஒரே உயிரி எல்லா வேலையையும் செய்ய வேண்டும் என்று நாம் எண்ணுகிறோம். இயற்கையோ அதைப் பங்கிட்டுக் கொடுத்திருக்கிறது. சங்கிலியைக் கடிக்கும் மரபணுக்களையும் வளையத்தைப் பிளக்கும் மரபணுக்களையும் ஒரே செல்லில் பொருத்துவது வடிவமைப்பாளர் செய்யக்கூடிய வேலைதான். அது கடினமானதே தவிர, நடக்காத காரியமன்று.

சிக்கல் அதற்கு அப்பால் இருக்கிறது. சங்கிலியின் நுனியில் முதற்கடி கடிக்கும் நொதிக்கும், வளையத்தைப் பிளக்கும் நொதிக்கும் ஆக்சிஜன் வாயு தேவை. செல் மூச்சுவிடுவதற்கு மட்டுமல்லாமல், அந்த வேதிவினையில் நேரடியாகப் பங்கேற்கும் பொருளாகவே அது தேவைப்படுகிறது. கடல்மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் பெங்களூரில், தூய்மையான நீரிலேயே லிட்டருக்கு 7 முதல் 8 மில்லிகிராம் ஆக்சிஜன்தான் கரையும். சுத்திகரிக்கப்படாத கழிவுநீர் வந்து சேரும் ஏரியில், கழிவின் மற்ற பகுதிகளை உண்ணும் எண்ணற்ற நுண்ணுயிர்கள் அந்தச் சிறிதளவு ஆக்சிஜனையும் முதலிலேயே தீர்த்துவிடுகின்றன. ஆகாயத்தாமரை மூடிய இடங்களில் காற்று புகுவதும் தடைபடுகிறது. அடிச்சேற்றில் ஆக்சிஜன் அறவே இல்லை. நுரைப்பொருள் சிதையாமல் தங்குவதும் அங்கேதான்.

இட்லி மாவில் யாரும் பாக்டீரியாவைச் சேர்ப்பதில்லை. உளுந்திலும் அரிசியிலும் ஏற்கெனவே ஒட்டியிருக்கும் லியூகோனோஸ்டாக் போன்றவை, ஈரமும் வெதுவெதுப்பும் கிடைத்தவுடன் தாமே பெருகி மாவைப் பொங்கவைக்கின்றன. டிசம்பர் மாதத்துப் பெங்களூர்க் குளிரில் அதே மாவு விடிந்த பிறகும் பொங்காமல் கிடப்பதை இங்கே சமைப்பவர் எல்லோரும் பார்த்திருப்பார்கள். ஏரியிலும் இதுவே நிகழ்கிறது. எல்.ஏ.எஸ். உண்ணும் இனங்கள் கழிவுநீரோடு நாள்தோறும் வந்துகொண்டுதான் இருக்கின்றன. அவை வேலை செய்வதற்கான நிலைமை அங்கே இல்லை.

அப்படியானால் ஆக்சிஜன் இல்லாமலே வேலை செய்யும் பாக்டீரியாவை வடிவமைக்கலாமே என்று நீங்கள் கேட்கக்கூடும். உண்மையான வடிவமைப்புச் சவால் இங்கேதான் தொடங்குகிறது. எனக்கு இதில் மிகுந்த ஆர்வமும் உண்டு. தவேரா போன்ற சில பாக்டீரியாக்கள், ஆக்சிஜனுக்கு மாற்றாக நைட்ரேட்டைப் பயன்படுத்தி, டொலுவீன் போன்ற வளையப் பொருள்களை வேறொரு வழியில் சிதைக்கின்றன. ஆனால் அந்த வழியின் முதற்படியைச் செய்யும் நொதி ஆக்சிஜன் பட்டவுடன் செயலிழந்துவிடும் இயல்புடையது. ஏரியின் மேற்பரப்பிலோ பகலில் பாசியின் ஒளிச்சேர்க்கையால் ஆக்சிஜன் கூடுகிறது, இரவில் எல்லா உயிர்களும் சுவாசிப்பதால் குறைகிறது. பகலில் ஒரு நொதித் தொகுதியையும் இரவில் மற்றொன்றையும் இயக்கும் மரபணுச் சுவிட்சுகளும், ஒரு தொகுதி வேலை செய்யும்போது மற்றதைக் காக்கும் ஏற்பாடும் அந்தச் செல்லுக்கு வேண்டும். எல்.ஏ.எஸ்.ஸை ஆக்சிஜன் இல்லாமல் முழுமையாகச் சிதைக்கும் ஒரு பாதையைப் பல உயிரிகளின் மரபணுக்களைக் கோத்து அமைப்பது பல ஆண்டு ஆய்வுக்குரிய பொருள். அதைச் செய்ய வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அந்த ஆண்டுகளில் கழிவுநீரைச் சுத்திகரிப்பு நிலையத்தில் காற்றோட்டம் கொடுத்துச் சுத்திகரித்தால், ஏற்கெனவே உள்ள பாக்டீரியாக்களே எல்.ஏ.எஸ்.ஸின் பெரும்பகுதியைத் தின்றுவிடும் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

இதே சிக்கல் 1950களில் ஐரோப்பிய, அமெரிக்க ஆறுகளில் தோன்றியது. அன்றைய சலவைப் பொருளின் கார்பன் சங்கிலி கிளைகள் விட்டதாக இருந்தது. கிளைகளைப் பாக்டீரியாக்களால் கடிக்க முடியாததால் சுத்திகரிப்பு நிலையங்களிலேயே நுரை மலைபோல் குவிந்தது. 1960களில் வேதியியலாளர்கள் கிளைகளை நீக்கி நேரான சங்கிலி கொண்ட எல்.ஏ.எஸ்.ஸைக் கொண்டுவந்த பிறகுதான் அந்த நுரை அடங்கியது. பாக்டீரியாவை மாற்றாமல் அதன் உணவை மாற்றிய அந்தத் தீர்வை, உயிரியை வடிவமைக்க விரும்பும் ஒவ்வொருவரும் தெரிந்துவைத்திருக்க வேண்டும் என்று கருதுகிறேன்.

கேள்வி: நான் உயிரித் தொழில்நுட்பம் இறுதியாண்டு படிக்கிறேன். 473 மரபணுக்களே கொண்ட மிகச்சிறிய செயற்கைச் செல் உருவாக்கப்பட்டிருக்கிறதே, அதில் நுரையைச் சிதைக்கும் மரபணுக்களைச் சேர்த்தால் போதாதா? தேவையற்ற சுமை எதுவும் இல்லாத செல் நன்றாக உழைக்குமல்லவா?
- மாணவர், கிருஷ்ணராஜபுரம்

பதில்: நீங்கள் குறிப்பிடும் செல், கிரெய்க் வென்ட்டர் ஆய்வு நிறுவனத்தார் 2016இல் வெளியிட்ட ஜே.சி.வி.ஐ.-சின் 3.0. அவர்களே 2010இல், மைக்கோபிளாஸ்மா மைக்காய்டிஸ் என்ற பாக்டீரியாவின் சுமார் 10 லட்சத்து 80 ஆயிரம் டி.என்.ஏ. எழுத்துகளை வேதியியல் முறையில் தொகுத்து, அதற்கு நெருங்கிய மற்றோர் இனத்தின் செல்லுக்குள் குடியேற்றி உயிர்ப்பித்தார்கள். பின்னர் அதிலிருந்து ஒவ்வொன்றாக நீக்கிப் பார்த்து ஏறத்தாழ 5 லட்சத்து 31 ஆயிரம் எழுத்துகளுக்குக் கொண்டுவந்தார்கள். மிஞ்சிய 473 மரபணுக்களில் 149 என்ன வேலை செய்கின்றன என்பது அப்போது தெரிந்திருக்கவில்லை. ஆனால் அவை இல்லாவிட்டால் செல் பிழைக்கவில்லை அல்லது சரிவர வளரவில்லை. அடிப்படை அறிவியலுக்கு அது மகத்தான பங்களிப்பு.

ஆனால் ஏரிக்கு அது சிறிதும் பொருந்தாது. மைக்கோபிளாஸ்மாக்கள் விலங்குகளின் உடலுக்குள் ஒட்டுண்ணியாக வாழ்பவை. அவற்றுக்குச் செல்சுவர் கிடையாது. உப்பும் சத்தும் அளவாகக் கலந்த, விலங்கு இரத்தச் சீரம் சேர்த்த ஊடகத்தில் வளர்வதற்கென்று குறைக்கப்பட்ட செல் அது. நன்னீரில் விட்டால் தண்ணீர் உள்ளே புகுந்து வெடித்துவிடும். ஒரு மரபணு தேவையற்றது என்று எதை வைத்துத் தீர்மானிப்பது என்பதே இங்குள்ள கேள்வி. ஆய்வகத்தில் தேவையற்றதாகத் தோன்றும் மரபணு, வெயிலின் புற ஊதாக் கதிரைத் தாங்கவோ, பட்டினி கிடக்கவோ, கன உலோகத்தை வெளித்தள்ளவோ, சேற்றில் ஒட்டிக்கொள்ளவோ ஏரியில் தேவைப்படலாம். வாழிடத்துக்கேற்ற உயிரியை வேண்டுவோர் சிறிய மரபணுத் தொகுதியைத் தேடக்கூடாது. அந்த வாழிடத்தின் இன்னல்களை ஏற்கெனவே அறிந்த தொகுதியைத் தேட வேண்டும். மண்ணிலும் நீரிலும் வாழும் சூடோமோனாஸ் புடிடாவின் கே.டி.2440 என்ற வகையை ஆய்வாளர்கள் விரும்பித் தேர்ந்தெடுப்பதற்குக் காரணம் இதுவே. ஏறத்தாழ 62 லட்சம் எழுத்துகள் கொண்ட அதன் தொகுதியில் நச்சு வேதிப்பொருள்களைத் தாங்கும் ஏற்பாடுகள் நிறைய உள்ளன. பாதுகாப்பான வகை என்ற ஏற்பும் அமெரிக்காவில் 1982இலேயே அதற்குக் கிடைத்திருக்கிறது.

என்னைக் கேட்டால் இன்னும் ஒரு படி போவேன்: பெல்லந்தூர்ச் சேற்றிலேயே பிறந்து வளர்ந்த ஓர் இனத்தைப் பிரித்தெடுத்து, அதில் மிகக் குறைந்த மாற்றம் செய்வதே முறை. ஒவ்வொரு புதிய மரபணுவும் செல்லுக்கு ஒரு செலவு. அதை இயக்க ஆற்றலும் அமினோ அமிலங்களும் வேண்டும். அந்தச் செலவால் செல்லுக்குக் கிடைக்கும் உணவு சொற்பமாக இருந்தால், மரபணுவைத் தற்செயலாக இழந்த செல் மற்றவற்றைவிட வேகமாகப் பெருகி, சில வாரங்களில் நம் வடிவமைப்பைத் துடைத்தெறிந்துவிடும். கழிவுநீர் ஏரியில் எல்.ஏ.எஸ்.ஸைவிட எளிதில் செரிக்கும் உணவு ஏராளமாகக் கிடைக்கும்போது, அதைச் சிதைக்கும் திறமைக்கு அங்கே என்ன மதிப்பு இருக்கும் என்று எண்ணிப்பாருங்கள்.

இவற்றோடு பகைவர்களும் உண்டு. பாக்டீரியாக்களை விழுங்கும் ஓரணு உயிர்கள் நீரெங்கும் இருக்கின்றன; ஃபேஜ் எனப்படும் வைரஸ்கள் பாக்டீரியாக்களைவிடப் பொதுவாகப் பல மடங்கு அதிகம். கேம்பிரிட்ஜில் ஜேசன் சின் குழுவினர் 2019இல் ஈகோலை பாக்டீரியாவின் முழு மரபணுத் தொகுதியையும் திருத்தி எழுதி, 64 மரபுக் குறியீட்டுச் சொற்களில் 61ஐ மட்டுமே அது பயன்படுத்துமாறு செய்தனர். அதன் வழித்தோன்றல் பல வைரஸ்களுக்கு இடம்கொடுக்கவில்லை என்று 2021இல் காட்டினர். ஆயினும், மரபுக் குறியீட்டுச் சொற்களைப் படித்து அமினோ அமிலங்களைக் கொண்டுசேர்க்கும் டி-ஆர்.என்.ஏ.வைத் தாமே சுமந்துவரும் வைரஸ்கள் அந்த அரணையும் தாண்டுவதைப் பின்னர் அமெரிக்க ஆய்வாளர்கள் கண்டனர். அந்த வைரஸ்களை அவர்கள் தேடியெடுத்தது சுற்றுப்புற மாதிரிகளிலிருந்து என்பது நம் ஏரிக் கணக்கில் முக்கியமானது.

கேள்வி: பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகளின் தண்ணீர் தென்பெண்ணை வழியாக எங்கள் கெலவரப்பள்ளி அணைக்குத்தான் வருகிறது. நுரை எங்களிடமும் வந்து பொங்குகிறது. அங்கே விடும் பாக்டீரியாவும் எங்கள் வயலுக்கு வந்துவிடாதா, ஐயா?
- விவசாயி, ஓசூர்

பதில்: வரும். உங்கள் கேள்வியே இந்தப் பகுதிக்கு வந்தவற்றில் முதன்மையானது என்று நினைக்கிறேன். ஏரிக்குக் கரை உண்டு என்றாலும் கலங்கலைத் தாண்டும் தண்ணீருக்குக் கரை இல்லை; கெலவரப்பள்ளியைக் கடந்து கிருஷ்ணகிரி வழியாகக் கடலூர்க் கடல்வரை அதன் பாதை நீள்கிறது. ஆகவே ஓர் ஏரிக்கு என்று சொல்லி வடிவமைக்கும் உயிரி, உண்மையில் ஓர் ஆற்றுப்படுகை முழுவதற்கும் வடிவமைக்கப்படுகிறது.

ஆய்வாளர்கள் இதற்குச் சில தடைகளை ஏற்படுத்தியிருக்கிறார்கள். குறிப்பிட்ட வேதிப்பொருள் இல்லாதபோது செல் தானே நஞ்சு சுரந்து இறக்கும்படி செய்வது ஒரு முறை. இயற்கையில் இல்லாத, ஆய்வகத்தில் மட்டுமே கிடைக்கும் ஓர் அமினோ அமிலம் இல்லாமல் அதன் இன்றியமையாத புரதங்கள் உருவாகாதபடி செய்வது மற்றொன்று. இந்த இரண்டாம் முறையை 2015இல் ஹார்வர்டிலும் யேலிலும் இரண்டு குழுக்கள் ஈகோலையில் செய்துகாட்டின. தப்பிப் பிழைத்த செல்களே தென்படாத அளவுக்கு அது வலுவாக இருந்தது. ஆனால் அந்த அமினோ அமிலத்தை நாம் ஊட்டிக்கொண்டே இருக்க வேண்டும். தொட்டியில் அது முடியும். ஏரியில் எப்படி ஊட்டுவது?

எண்ணிக்கையையும் பாருங்கள். பெல்லந்தூர் ஏரி சுமார் 900 ஏக்கர். சராசரி ஆழம் ஒரு மீட்டர் என்று கணக்குக்காக வைத்துக்கொண்டு, ஒரு மில்லிலிட்டருக்கு ஆயிரம் என்ற குறைந்த அளவில் நம் பாக்டீரியா பரவியிருப்பதாகக் கொண்டால், மொத்தம் 3,600 லட்சம் கோடி செல்கள். தடையை மீறித் தப்புவது 10 கோடியில் ஒன்றுக்கும் குறைவாக இருக்க வேண்டும் என்பது அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவனங்களின் பழைய அளவுகோல். அந்த அளவுக்குச் சரியாக அமைந்த தடை இருந்தாலும், ஒரே நேரத்தில் மூன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட செல்கள் தப்பியிருக்கும். தடை அதைவிடப் பத்தாயிரம் மடங்கு வலுவானதாக இருந்தாலும் ஆயிரக்கணக்கில் தப்பும். செல் இறந்த பிறகும் அதன் டி.என்.ஏ. சேற்றில் கிடக்கும், வேறு பாக்டீரியாக்கள் அதை எடுத்துக்கொள்ளவும் கூடும். தப்புபவை எல்லாம் தீங்கு செய்யும் என்று நான் சொல்லவில்லை. பெரும்பாலானவை பட்டினியிலும் பகையிலும் மடியும். ஆனால் கீழ்ப்பாசன விவசாயிகளிடம் கேட்காமல் எடுக்கக்கூடிய முடிவு அல்ல இது.

கேள்வி: இதற்கு முன் எங்கேனும் இப்படிப்பட்ட பாக்டீரியாவை வெளியில் விட்டிருக்கிறார்களா?
- வாசகர், சிவாஜிநகர்

பதில்: விட்டிருக்கிறார்கள், மிக அரிதாக. மேற்கு வங்கத்தில் பிறந்த ஆனந்த மோகன் சக்கரவர்த்தி, அமெரிக்காவில் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தில் பணியாற்றியபோது, பல பாக்டீரியாக்களின் பிளாஸ்மிட்களை (செல்லில் தனியே இருக்கும் சிறு டி.என்.ஏ. வளையங்களை) ஒரே சூடோமோனாஸில் சேர்த்து, கச்சா எண்ணெயின் பல கூறுகளையும் சிதைக்கும் வகையை உருவாக்கினார். உயிருள்ள ஒன்றுக்குக் காப்புரிமை தரலாம் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1980இல் அவர் வழக்கில்தான் 5-4 என்ற பெரும்பான்மையில் தீர்ப்பளித்தது. காப்புரிமைச் சட்டத்தின் வரலாற்றை மாற்றிய அந்தப் பாக்டீரியா, கடலில் கொட்டிய எண்ணெயை அகற்ற வழக்கமான பயன்பாட்டுக்கு வரவே இல்லை.

1987இல் கலிஃபோர்னியாவில், பயிர்மீது பனிப்படிகம் உருவாவதைத் தடுக்க மரபணு நீக்கப்பட்ட சூடோமோனாஸ் சிரிஞ்சே தெளிக்கப்பட்டது. 1996இல் டென்னசி மாநிலத்தின் ஓக் ரிட்ஜில், நாஃப்தலீனைச் சிதைக்கும்போது ஒளிவிடுமாறு மாற்றப்பட்ட எச்.கே.44 என்ற பாக்டீரியா, மண் நிரப்பிய ஆழமான கலன்களில் விடப்பட்டது. மாசுநீக்கத்துக்காக அமெரிக்காவில் அனுமதி பெற்று நடந்த முதல் களச்சோதனை அது. அதில் கிடைத்த பெரும்பயன், மாசு எங்கே இருக்கிறது என்பதை ஒளியால் காட்டிக்கொடுத்ததே. மும்பை பாபா அணு ஆராய்ச்சி மையத்தில் ஸ்ரீகுமார் ஆப்தே குழுவினர், கதிர்வீச்சைத் தாங்கும் டைனோகாக்கஸ் ரேடியோடியூரன்ஸில் ஒரு நொதியின் மரபணுவைச் சேர்த்து, நீர்த்த கரைசலிலிருந்து யுரேனியத்தை வீழ்படிவாக்கிக் காட்டியதை 2006இல் வெளியிட்டனர். கதிர்வீச்சு என்ற ஒரே கொடிய நிபந்தனைக்கு ஏற்ற உயிரியைத் தேர்ந்தெடுத்து, ஒரே ஒரு வேலையைக் கொடுத்த அந்த அணுகுமுறையை வாழிடம் அறிந்த வடிவமைப்புக்கு நல்ல எடுத்துக்காட்டாகக் கொள்வேன்.

கேள்வி: எங்கள் அடுக்ககத்துக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையமான எஸ்.டி.பி.க்குப் போடச் சொல்லி பாக்டீரியாத் தூள் விற்கிறார்கள். அதுவும் செயற்கை உயிரிதானா?
- குடியிருப்போர் சங்கச் செயலாளர், ஒயிட்ஃபீல்டு

பதில்: பொதுவாக இல்லை. அவை இயற்கையான பாசில்லஸ் போன்ற இனங்களின் உலர்ந்த வித்துகளும் சில நொதிகளும் கலந்தவை. புதிதாக எஸ்.டி.பி.யைத் தொடங்கும்போதோ நீண்ட நாள் நின்ற பிறகு இயக்கும்போதோ ஓரளவு உதவக்கூடும். நன்றாக இயங்கும் மற்றொரு எஸ்.டி.பி.யிலிருந்து சேற்றை வாங்கி ஊற்றினாலும் அதே வேலை நடக்கும். தூளுக்குச் செலவிடுமுன் காற்று ஊதும் புளோயர் இரவிலும் ஓடுகிறதா, தொட்டியின் அடியிலுள்ள டிஃப்யூசர்கள் அடைபட்டிருக்கின்றனவா என்று பார்த்துவிடுங்கள். மின்கட்டணத்தை மிச்சப்படுத்த புளோயரை நிறுத்திவைக்கும் தொட்டியில், எந்தப் பாக்டீரியாவை வாங்கிப் போட்டாலும் எல்.ஏ.எஸ். அப்படியே வெளியேறும்.

கேள்வி: பதினொன்றாம் வகுப்புப் படிக்கும் என் மகள் இந்தத் துறைக்கு வர ஆசைப்படுகிறாள். பெங்களூரில் இருந்துகொண்டு அவள் எங்கே தொடங்கலாம்?
- வாசகி, அல்சூர்

பதில்: ஐஜெம் என்ற பன்னாட்டு மாணவர் போட்டியில் தேசிய உயிரியல் மையம், இந்திய அறிவியல் கழகம் ஆகியவற்றின் மாணவர்கள் கலந்துகொண்டிருக்கிறார்கள். 2009இல் இந்நகரின் ஸ்ருஷ்டி கலைக் கல்லூரி மாணவர்கள், முதல் மழையில் மண்ணிலிருந்து எழும் மணத்துக்குக் காரணமான ஜியோஸ்மினை ஈகோலை சுரக்குமாறு செய்ய முயன்று அப்போட்டிக்குச் சென்றார்கள். அறிவியல் பட்டம் இல்லாதவர்களும் நுழையக்கூடிய துறை இது என்பதற்காக இதைச் சொல்கிறேன். 2006இல் எடின்பரோ மாணவர்கள், குடிநீரில் ஆர்செனிக் இருந்தால் அமிலத்தன்மையை மாற்றிக் காட்டும் பாக்டீரியாவை வடிவமைத்தார்கள். மூடிய குப்பியில் நீர் மாதிரியைச் சோதித்துவிட்டு அழித்துவிடக்கூடிய இத்தகைய உணர்கருவிகளே, பெல்லந்தூர் போன்ற ஏரிகளுக்குச் செயற்கை உயிரியல் முதலில் தரக்கூடிய பயன் என்று நான் நம்புகிறேன்.

மரபணு மாற்றிய நுண்ணுயிரி எதையும் வீட்டில் வளர்க்க இயலாது. சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வந்த 1989ஆம் ஆண்டு விதிகளின்படி, ஆய்வு நடக்கும் நிறுவனத்தில் உயிரிப் பாதுகாப்புக் குழு இருக்க வேண்டும். சுற்றுச்சூழலில் விடுவதாக இருந்தால் மரபணுப் பொறியியல் மதிப்பீட்டுக் குழுவின் ஒப்புதல் வேண்டும். ஆனால் வாழிடத்தைப் படிக்க இந்தக் குழுக்களின் ஒப்புதல் தேவையில்லை. அல்சூர் ஏரியில் ஒரே இடத்தில், விடியற்காலையிலும் பிற்பகலிலும், மழைக்கு முன்னும் பின்னும், கரைந்த ஆக்சிஜன், வெப்பநிலை, அமிலத்தன்மை ஆகியவற்றை ஓராண்டு முழுவதும் அளந்து எழுதிவரச் சொல்லுங்கள். ஆக்சிஜனை அளக்கும் வின்க்ளர் முறையைப் பள்ளி ஆய்வகத்திலேயே செய்யலாம், அதற்கு ஆசிரியரின் மேற்பார்வை அவசியம். மாதிரி எடுக்கும்போது கையுறை அணிவதும், பிறகு சோப்பிட்டுக் கை கழுவுவதும் கட்டாயம்.